நீ வேண்டாம் என்று சொன்ன முதுகு

மக்கா,

ஸலாம். எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்குவார்கள். உனக்கு அப்படி எழுதினால், "நலம்னா என்ன வாப்பா, தெளிவாச் சொல்லுங்க" என்று உடனே போனை எடுத்துவிடுவாய். ஆகையால் நீ கேட்கிற வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் குதிகாலை ஊன்றிப் பத்தடி நடந்தேன். நுனிக்காலில் பத்தடி நடந்தேன். இரண்டு பெருவிரலும் மேலே தூக்க வருகிறது. உன் உம்மா தன் கையால் அமுக்கிப் பார்த்து, பலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நீ போன பிறகு இந்த வீட்டில் அவள்தான் டாக்டர். வாழைக்குலை எதையும் தூக்கவில்லை. கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதிகாரம் மட்டும்தான் செய்கிறேன். அதற்கு முதுகு தேவைப்படுவதில்லை.

வியாழக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய் அல்லவா, அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அன்று நான் பதில் சொல்லாமல் "சாப்பிட்டியா மக்கா" என்று கேட்டு வைத்துவிட்டேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். மனதில் இருந்ததை அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு முடியவில்லை. நீ புதிதாகச் சேர்ந்திருக்கிற அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் உன் படத்தோடு போர்டு வைத்திருக்கிறார்களே, "தழும்பில்லாத முதுகு ஆப்பரேசன், மறுநாளே வீடு" என்று, அந்தப் படத்தை உன் உம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். மீன்காரிக்குக்கூடக் காட்டினாள். நானும் சளைத்தவன் இல்லை, என் போனைத் திறந்தால் உன் மூஞ்சிதான் வரும். ஆனால் நீ சொன்னது வேறு. "போர்டைப் பாத்துட்டு வாறவங்கள்ல பாதிப்பேருக்கு மேல வேண்டாம்னு சொல்லித் திருப்பி அனுப்புதேன் வாப்பா. மத்த டாக்டருமாரு, கத்தியப் பாத்துப் பயப்படுத ஆளுன்னு சிரிக்காங்க. இப்பம் எனக்கே சந்தேகமா இருக்கு. நான் பயந்தாங்கொள்ளியா?" என்று கேட்டாய்.

உன் "வேண்டாம்" என்ற சொல்லை இந்த உலகத்தில் என்னைப்போல் அனுபவித்த ஆள் யாரும் இல்லை. அதனால் இதற்குப் பதில் சொல்ல எனக்குத்தான் தகுதி உண்டு. கொஞ்சம் நீளமாகச் சொல்லுவேன், பொறுமையாக வாசி. சில விஷயங்கள் உனக்கே தெரியாதவை. அவற்றை உன்னிடம் மறைத்தது என் தப்பு.

காஜாவை வைத்துத்தான் என் பெருமை தலைக்கேறியது. குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டுகிற வாழைக்குலைகளை நம் கோட்டாற்றுக் கடைக்கு டெம்போவில் ஏற்றி வருகிறவன் அவன். இரண்டு மாதமாக அவனுக்கு இடது காலில் வலி. இடுப்புக்குக் கீழே தொடங்கிப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்பான். மாத்திரை தின்றான், வண்டி ஓட்டாமல் படுத்துப் பார்த்தான், கேட்கவில்லை. அன்று நீ நம் கடையில் உட்கார்ந்து மட்டிப்பழம் தின்றுகொண்டிருந்தாய். காஜா டெம்போவிலிருந்து இறங்கி வந்தான். இடது கால் செருப்பு படியிலேயே கழன்று கிடக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை, ஒற்றைச் செருப்போடு நடந்து வருகிறான். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பாதிப் பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாய். "காஜாண்ணே, செருப்பு எங்க?" என்று கேட்டாய். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "போட்டுக்கிட்டுத்தானே இறங்குனேன்" என்றான். அங்கேயே ஒரு பெட்டியில் அவனை உட்காரவைத்துப் பெருவிரலைத் தூக்கச் சொன்னாய். வலது விரல் எழும்பியது, இடது விரல் எழும்பவில்லை.

மறுநாள் ஸ்கேன் எடுத்துவிட்டு எங்களுக்கு விளக்கினாய். இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தைபோல ஒரு சவ்வு இருக்கிறது. "நல்லாப் பழுத்த மட்டிப்பழத்த ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு அமுக்குனா தோல் கிழிஞ்சு சதை பிதுங்கும்லா வாப்பா. அப்படிப் பிதுங்குன துண்டு காலுக்குப் போற நரம்புல ஏறி உக்காந்திருக்கு" என்றாய். முப்பத்தைந்து வருடம் வாழைப்பழ வியாபாரம் செய்கிறவனுக்கு அதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. வலி மட்டும் என்றால் இன்னும் பொறுத்துப் பார்க்கலாம், பெரும்பாலும் தானே குறையும், ஆனால் இவனுக்குக் காலில் பலம் போகிறது, பொறுக்கக் கூடாது என்றாய். ஒரே ஒரு துண்டு, ஒரே ஒரு இடம், காலில் எந்த நரம்பு கெட்டிருக்கிறதோ அதே நரம்பைத்தான் படமும் காட்டுகிறது, ஆகையால் இவனுக்குச் சின்ன ஓட்டை போதும் என்றாய். தசையை வெட்டாமல் விலக்கி, விரல் தடிமனில் ஒரு குழலை இறக்கி, அதன் வழியாகவே அந்தத் துண்டை எடுத்தாய். சாயங்காலமே காஜா எழுந்து நடந்தான். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு காயம். பாறசாலையிலிருந்து வரும் வியாபாரிகள் முன்னால் அவன் சட்டையை நானே தூக்கிக் காட்டுவேன். "கொள்ளாமே!" என்று மெச்சுவார்கள். "எனக்க மகன் செஞ்சதாக்கும்" என்பேன். காஜாவுக்கு அந்த நாட்களில் சட்டை உடம்பில் தங்கியதே இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆசை வந்தது. எனக்கும் முதுகுவலி இருந்தது உனக்குத் தெரியும். தோளில் குலை சுமந்து சுமந்து இடுப்பு இறுகிப்போய், பள்ளிவாசலில் கடைசி வரிசை ஓரத்தில் கசேரை போட்டு உட்கார்ந்து தொழுகிற நிலைமைக்கு வந்திருந்தேன். தொழுகிறவன் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும், அதுதான் சுஜூது. கசேரையில் இருப்பவன் தலையை மட்டும் தாழ்த்திக்கொள்ளலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனாலும் எனக்கு மனது ஆறவில்லை. பற்றாததற்கு மளிகைக்கடை சாகுல், "மவன் முதுகு டாக்டரு, வாப்பா கசேரையிலயா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். அன்றே உன்னிடம் வந்து, எனக்கும் அந்தச் சின்ன ஓட்டையைப் போட்டு விடு என்றேன். என் ஸ்கேனிலும் சவ்வு பிதுங்கித்தான் இருந்தது, அதை நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தேன்.

நீ படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு என் கால் விரல்களை அமுக்கிப் பார்த்தாய். வலி காலுக்கு இறங்குகிறதா, மரத்துப் போகிறதா, செருப்பு கழல்கிறதா, விரல் தூக்க வருகிறதா, சிறுநீர் மலம் போவதில் வித்தியாசம் உண்டா என்று வரிசையாகக் கேட்டாய். ஒரு கோளாறும் இல்லை என்று நான் பதில் சொல்ல, "அப்பம் வேண்டாம் வாப்பா" என்றாய். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "டெம்போ ஓட்டுறவனுக்கு உண்டு, பெத்த வாப்பாக்கு இல்லியா?" என்று கத்தினேன். நீ சத்தத்தைக் கூட்டவில்லை. "ஓட்டைதான் வாப்பா சின்னது. உள்ள செய்யுத காரியம் சின்னதில்ல. உங்க வயசுல யாரப் படம் எடுத்தாலும் இப்படித்தான் பிதுங்கி இருக்கும். படத்துக்கு ஆப்பரேசன் செஞ்சா உங்க வலி போகாது" என்றாய். மூன்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தாய், தினமும் நடக்கச் சொன்னாய், அவ்வளவுதான். பெரிய படிப்புப் படித்த பிள்ளை, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் சொல்வதைச் சொல்கிறானே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

இப்போது உனக்குத் தெரியாத முதல் விஷயம். அந்த வாரமே நான் காஜாவைக் கூட்டிக்கொண்டு வேறொரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்தவர் என் இடுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தார், "செய்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்றார், தேதியும் கொடுத்தார். நான் துள்ளிக் குதிக்காத குறைதான். திரும்பி வரும் வழியில் காஜா வண்டியை ஓரமாக நிறுத்தினான். "மொதலாளி, உங்க மவன் என் காலைத் தொட்டுப் பாத்ததுக்குப் பெறகாக்கும் படத்தப் பாத்தாரு. இவரு உங்களப் பாக்கவே இல்லியே" என்றான். எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், நீ என் கால் விரலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தது ஞாபகம் வந்தது. அந்தத் தேதிக்கு நான் போகவில்லை. உன்மேல் நம்பிக்கை வந்து போகாமலிருந்தேன் என்று சொன்னால் பொய். பாதி நம்பிக்கை, பாதி உன் உம்மாவிடம் மாட்டிக்கொள்வோமே என்ற பயம்.

இரண்டாவது விஷயம் அதைவிடக் கேவலம். நீ சொன்ன மூன்று பயிற்சிகளையும் தொழுகைப் பாயை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் செய்தேன். பள்ளிவாசலுக்கு வண்டியில் போகாமல் நடந்தே போனேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் கசேரையை ஓரமாகத் தள்ளிவிட்டு வரிசையில் நின்றேன். குனிந்தேன், முழங்கால் ஊன்றினேன், நெற்றி தரையில் பட்டது. எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன் மக்கா. அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. சாகுல் கேட்டதற்கு, ஒரு தைலம் தேய்த்தேன் என்று சொன்னேன். பயிற்சியால் வலி போயிற்று என்று ஒப்புக்கொண்டால் உன்னிடம் தோற்றதாக ஆகும் என்று ஒரு வறட்டு வீம்பு. பிள்ளையிடம் நல்லதைச் சொல்ல மாட்டேன் என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். பிறகு கெட்டது வந்தபோதும் அந்தப் பூட்டு திறக்கவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் நம் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் சிப்ஸுக்கு ஏத்தங்காய் போகிற நேரம், நிற்க இடம் இருக்காது. முதல் லோடில் முதல் குலையை முதலாளியே இறக்கி வைப்பது நம் கடை வழக்கம். முதுகுவலி வந்த பிறகு இரண்டு வருடம் காஜாதான் எனக்குப் பதிலாக இறக்கினான். இந்தத் தடவை நானே டெம்போவில் ஏறினேன். "ஒரு பக்கம் பிடிக்கேன் மொதலாளி" என்று அவன் கையை நீட்டினான், தட்டிவிட்டேன். நல்ல விளைந்த ஏத்தங்குலை. அடுக்கின் மேலிருந்து இழுத்துத் தோளுக்கு வாங்கும்போது இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது. குலையைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று இரண்டு காலிலும் வலி இறங்கியது. மறுநாள் வலி குறைந்தது, நான் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தால், மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நான் உட்கார்ந்திருப்பதே எனக்குத் தெரியவில்லை. பிறகு அது தொடங்கியது. போக வேண்டும் என்று போனால் சிறுநீர் வராது. வெளியே வந்து நடந்தால் தானே சொட்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்கிறோமே, அந்த ஒளு ஒரு சொட்டு சிறுநீர் வந்தாலும் முறிந்துவிடும். நான் ஒளு செய்துவிட்டு ஹவுள் தொட்டியிலிருந்து வரிசைக்கு நடப்பதற்குள் முறிந்தது. திரும்பிப் போய்ச் செய்தேன், மறுபடியும் முறிந்தது. மூன்றாவது தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. இமாமிடம் கேட்டிருந்தால், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, அப்படியே தொழலாம் என்று சொல்லியிருப்பார். உன்னிடம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே காரில் தூக்கிப் போட்டிருப்பாய். இரண்டு பேரிடமும் கேட்கவில்லை, வெட்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் போகவில்லை, வயிறு சரியில்லை என்று உன் உம்மாவிடம் சொன்னேன். வீட்டுப் பின்பக்கத்தில் என் கைலியை நானே துவைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காத மனுஷன் கைலி துவைக்கிறானே என்று அவள் பதறிப்போய் வெப்ராளப்பட்டு உனக்குப் போன் போட்டாள். கையில் சோப்பு நுரையோடு வாங்கிப் பேசினேன்.

"வாப்பா, மூத்திரம் போறதுல வல்லதும் வித்தியாசம் உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன்."

நீ அதோடு விடவில்லை. "இன்னைக்கு ஜும்ஆக்குப் போனியளா?" என்று கேட்டாய்.

"நீ சாப்பிட்டியா மக்கா?" என்றேன். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஜும்ஆவைத் தவறவிட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

"ஒளு நிக்கலியா வாப்பா?" என்றாய், ரொம்ப மெதுவாக.

அங்கேயே துவைகல் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தக் கேள்வியை எந்த ஊரில் எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் மக்கா? உன்னோடு படித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் குழல் இறக்கத் தெரியும். என் வாயிலிருந்து அந்த உண்மையை எடுக்க உனக்குத்தான் தெரிந்தது. "வாப்பா, அழாதீங்க, அப்பறமா அழலாம். இதுக்கு நேரம் காத்திருக்காது. காஜாண்ணனக் கூப்பிடுங்க, உடனே கெளம்புங்க" என்றாய். டெம்போவில் வாழைச்சருகைப் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு என்னைப் படுக்கவைத்தார்கள். உன் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாதி தூரம் ஓதினாள், மீதி தூரம் ஏசினாள்.

ஸ்கேன் முடிந்ததும் நீ வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாய். சவ்வு பெரிய துண்டாக உடைந்து, இடுப்புக்குக் கீழே போகிற நரம்புக்கொத்து முழுவதையும் நசுக்குகிறது, ஏற்கெனவே அங்கே வழியும் குறுகலாக இருக்கிறது, இன்றே எடுக்க வேண்டும் என்றாய். "சின்ன ஓட்டைதானே?" என்றேன். "இல்ல வாப்பா. இது குழல்ல நிக்காது. நல்லாத் தொறந்து எடம் உண்டாக்கணும்." அந்த நிலைமையிலும் நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஏலே, ஊரு பூரா சின்ன ஓட்டைன்னு சொல்லி வச்சிருக்கேனே!" என்றேன். உனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "அப்பம் வேண்டாம்னு சொன்னது உங்களுக்கு எது தேவையில்லையோ அதுக்கு. இப்பம் இது தேவை. அப்பமும் இப்பமும் ஒரே டாக்டர்தான் வாப்பா" என்றாய்.

பிறகு இன்னொன்றும் சொன்னாய். கத்தியை நீ எடுக்கவில்லை, உனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அந்தப் பெரிய டாக்டரம்மா எடுப்பார்கள் என்றாய். "உங்களத் தொட்டா என் கை டாக்டர் கையா இருக்காது, மகன் கையாயிரும்" என்றாய். உன் உம்மாவுக்கு அப்போது அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. என் தோள் தாங்காது என்று தெரிந்தும் காஜாவின் கையைத் தட்டிவிட்டவன் நான். உன் கை எங்கே நடுங்கும் என்று உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அந்த விஷயத்தில் நீ உன் உம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய், நல்லவேளை.

ஆப்பரேசன் முடிந்து வந்தவர்களிடம் எல்லா டாக்டரும் "சரியாகிவிடும்" என்பார்கள். நீ அதையும் சொல்லவில்லை. "பழையபடி உணர்ச்சி திரும்ப வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது வாப்பா. நசுக்குனது போயாச்சு, வரதுக்கு வழி விட்டிருக்கு. மூணு நாள் மறைச்சிட்டியளே" என்றாய். அந்தக் கடைசி வார்த்தைக்கு எனக்கு உன்மேல் கோபம் இல்லை. பல வாரம் சிறுநீர்க் குழாயோடு கிடந்தேன். குழாயை எடுத்த பிறகு, சின்னப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல் துணி கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் நீ வேலை முடிந்து வந்ததும் குண்டூசியின் பின்பக்கத்தையும் முனையையும் மாற்றி மாற்றி வைத்து, "குத்துதா, தொடுதா" என்று கேட்பாய். ஒரு நாள் "குத்துது" என்றேன். பிள்ளை பரீட்சையில் தேறினால் சந்தோஷப்படுகிற வாப்பாக்கள் உண்டு, வாப்பா பரீட்சையில் தேறியதற்குப் பிள்ளை கையைத் தட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது கடைசி. மறுபடி பள்ளிவாசலுக்குப் போகத் தொடங்கியபோது எல்லோரும் கேட்டார்கள். சின்ன ஓட்டைதான், தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டேன். சட்டையை மட்டும் தூக்கவில்லை. என் முதுகில் ஒரு விரல் நீளத்துக்கு மேலேயே தழும்பு இருக்கிறது, உன் உம்மா விரலை வைத்தே அளந்தாள். பெருமையடித்த வாய்க்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. நீ புது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின வாரம், சாகுல் ஹவுளில் கால் கழுவிக்கொண்டே, "நீங்க சொன்னதுனாலதான் நானும் துணிஞ்சேன். எனக்கும் முதுகுவலி இருக்குல்லா, ஒரு எடத்துல படம் பாத்து சின்ன ஓட்டைக்குத் தேதி வாங்கியாச்சு" என்றார். எல்லோர் முன்னாலும் சட்டையைத் தூக்கித் திரும்பி நின்றேன். "பாருங்க சாகுல், இதாக்கும் எனக்க ஓட்டை. தைலமும் பொய்யி, சின்ன ஓட்டையும் பொய்யி" என்றேன். பிறகு நீ என்னிடம் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டேன். வலி காலுக்கு இறங்குகிறதா என்றேன், இல்லை என்றார். விரலைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். மற்றவற்றுக்கும் இல்லை இல்லை என்றுதான் சொன்னார். உன் டாக்டரம்மாவிடம் போய்க் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அனுப்பினேன். இப்போது தினமும் சுபுஹுத் தொழுகைக்கு அவர் நடந்து வருகிறார். பயிற்சி சொல்லிக்கொடுத்த அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் வருகிறார். இரண்டு மாதம் போகட்டும், தைலம் தேய்த்தேன் என்பார்.

ஆகவே உன் கேள்விக்கு வருகிறேன். நீ பயந்தாங்கொள்ளியா என்று கேட்டாய். எனக்குத் தேவையில்லாதபோது, நான் கத்தியும் முகத்தைத் தூக்கி வைத்தும்கூட நீ வேண்டாம் என்றாய். தேவை என்று வந்தபோது ஒரு மணி நேரம்கூட வீணாக்கவில்லை. சின்னதாகச் செய்யத் தெரிந்த நீ பெரிதாகத் திற என்றாய், உன் பெயர் வருகிற இடத்தில் இன்னொருவர் கையில் கத்தியைக் கொடுத்தாய். இதில் எங்கே பயம் இருக்கிறது? முன்பு நான் காஜாவின் சட்டையைத் தூக்கிக் காட்டிய நாட்களில் உன் குழலைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இப்போது எனக்கு அதைவிடப் பெரிய பெருமை இருக்கிறது, அதைப் போர்டில் எழுத முடியாது. வருகிறவன் சின்ன ஓட்டை கேட்டுத்தான் வருவான், நானும் அப்படித்தான் வந்தேன். நீ அவன் காலைத் தொட்டுப் பார். காஜா மாதிரி இருந்தால் குழலை இறக்கு, தயங்காதே. என்னை மாதிரி முதலில் வந்தவனாக இருந்தால் திருப்பி அனுப்பு, கத்தினால் கத்தட்டும். இரண்டாவது தடவை வந்த என்னை மாதிரி ஒருவன் வெட்கப்பட்டு மறைத்தால், அவன் எதைச் செய்வதை நிறுத்தியிருக்கிறான் என்று கேள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், சவத்தத் தள்ளு.

நெற்றியைத் தரையில் வைக்க இனி எனக்கு முடியாது என்று நீ சொல்லியிருக்கிறாய். கசேரைக்கே திரும்பி வந்துவிட்டேன். முன்பு அதில் உட்காரக் கூச்சமாக இருந்தது. இப்போது சாகுல் எனக்கு முன்னால் ஓடிப்போய் அதைத் தூசி தட்டிப் போடுகிறார், நான் ராஜா மாதிரி உட்காருகிறேன்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து இதை எழுதத் தொடங்கினேன். நடுவில் உன் உம்மா இரண்டு தடவை டீ கொண்டுவந்தாள், இரண்டையும் குடித்தேன். முன்பானால் பயத்தில் ஒரு வாய்கூடக் குடித்திருக்க மாட்டேன். இதோ பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லுகிறார்கள். நான் நேராக வரிசைக்குத்தான் போகிறேன் மக்கா, ஹவுளுக்குப் போக வேண்டியதில்லை. அஸருக்குச் செய்த ஒளு இன்னும் நிற்கிறது.

உன் வாப்பா